கடனும் களவும்

பேசாலையைத் தாண்டித் தலைமன்னாருக்குப் போகும் வழியில், கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர் வேலங்குடா. பாதிப்பேர் கத்தோலிக்கர், பாதிப்பேர் முஸ்லிம்கள். பள்ளிவாசலில் கந்தூரி என்றாலும் கோயிலில் திருநாள் என்றாலும் பிள்ளைகள் முதலில் ஓடிப்போய் நிற்பது சபூராவின் ஐஸ்பழப் பெட்டிக்கு முன்னால்தான். மாம்பழம், நன்னாரி, பால் என்று மூன்று வகை போடுவாள். வாயும் அப்படித்தான். இனிப்பாகவும் பேசும், பல்லைக் கூசவும் வைக்கும்.

அவள் பிறந்தது அந்த ஊரில்தான், அந்த வீட்டில்தான். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பா முஹைதீனின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனாள். புத்தளத்து அகதி முகாமில், தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தாள். அங்கேயே சனூனைக் கலியாணம் முடித்தாள். வாப்பா அங்கேயே மௌத்தானார். சண்டை முடிந்த பிறகு கணவனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் ஊருக்குத் திரும்பியபோது, மற்றவர்களின் வீடுகளெல்லாம் சுவர் மட்டும் நிற்க, முஹைதீனின் வீட்டுக்குக் கூரையும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. காரணம், சண்டைக் காலத்தில் வெளியூர் மீன் முதலாளி ஒருவர் கேட்பாரில்லாமல் அந்த வீட்டில் புகுந்து ஐஸ் அறை நடத்தியிருந்தார். சண்டை முடிந்ததும் தன் குளிர்ப்பெட்டிகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

சபூரா கையில் கிடந்த காப்புகளை விற்று, ஐஸ்பழம் உறைய வைக்க ஒரு பெரிய பிறீசர் வாங்கினாள். சனூன் ஓட்டோ ஓடினான். மாதாமாதம் வாப்பாவின் பெயரில் வரும் மின்சாரப் பில்லை அவள் ஒருமுறையும் பிந்தாமல் கட்டி வந்தாள்.

கோயில் திருநாளுக்கு முதல் நாள் காலை, பிறீசர் நிறைய ஐஸ்பழம் அடுக்கி முடித்த நேரம், வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து அயர்ன் கலையாத சேர்ட் போட்ட ஒருவர் இறங்கினார். பின்பக்கத்திலிருந்து மூன்று தடியன்கள் குதித்தார்கள். சேர்ட் போட்டவர் படலைக்குள் வரவில்லை. வீதியில் நின்றபடியே, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"முஹைதீன்! முஹைதீன் வீடு! கரண்ட் காசு கட்டாமல் ஒளிச்சிருக்கிற முஹைதீன், வெளிய வாரும்!"

சபூரா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"தம்பி, ஆற்ற பேரைக் கூப்பிடுறீங்கள்? அது என்ர வாப்பா. அவர் மௌத்தாகிக் கனகாலம். புத்தளத்து மையவாடியில இருக்கிறார். கதைக்கிறதெண்டா அங்க போய்க் கதையுங்கோ."

"ஆள் செத்தாலும் கடன் சாகாது அக்கா," என்றார் அவர். பெயர் சிவராசா. மின்சாரக் கந்தோரின் பழைய நிலுவைகளை அறவிடும் வேலையை ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்பனியின் ஆள் அவர். வசூலித்துக் கொடுப்பதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

"என்ன கடன்? நான் மாசாமாசம் கட்டுறனே."

"இது நீங்கள் கட்டுற பில் இல்லை. சண்டைக்கால நிலுவை. இப்பதான் எங்கட கைக்கு வந்தது." ஒரு தாளை நீட்டினார். அதிலிருந்த தொகைக்கு ஒரு வள்ளமும் இஞ்சினும் வாங்கலாம்.

"அந்த நேரம் நாங்கள் இஞ்ச இல்லையே. முகாமில குப்பி விளக்கோட கிடந்தனாங்கள். இஞ்ச ஐஸ் அறை வைச்சிருந்தவன்தான் எரிச்சவன். அவனைப் பிடியுங்கோ."

"அதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை. வீடு ஆற்ற? மீற்றர் ஆற்ற பேரில? இண்டைக்குப் பாதியாவது கட்டுங்கோ. இல்லாட்டி ஏதாவது ஒண்டை எடுத்துக்கொண்டுதான் போவம்."

அவள் பதில் சொல்லி முடிக்கவில்லை. தடியன்கள் மூவரும் அவளை விலத்திக்கொண்டு உள்ளே போனார்கள். பிறீசரின் வயரைப் பிடுங்கினார்கள், தூக்கினார்கள். சபூரா அதன் கைபிடியைப் பிடித்துத் தொங்கினாள். சனூன் பின்னால் வந்து அவளுடைய தோளைப் பிடித்தான்.

"விடு சபூரா. விரல் நசிஞ்சு போகும். விடு."

விட்டாள். ஆனால் லொறி கிளம்பியதும் வெறுங்காலோடு அதன் பின்னால் ஓடினாள். "ரசீதாவது தாங்கோ! கொண்டுபோறதுக்கு ஒரு துண்டாவது தந்திட்டுப் போங்கோ!" என்று கத்திக்கொண்டே சந்தி வரைக்கும் ஓடினாள். பிறீசரிலிருந்து வடிந்த தண்ணீர் வீதியில் கோடு போட்டுக்கொண்டு போனது. பனையோலை வேலிகளுக்குப் பின்னால் சனம் நின்று பார்த்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. அவரவர் வீட்டிலும் ஏதோ ஒரு பில் கட்டாமல் கிடந்தது.

அன்று பின்னேரம் சனூன் மெதுவாகக் கதையை எடுத்தான்.

"ஓட்டோவை ஈடு வைப்பம். பள்ளிவாசல் நிர்வாகத்திட்டயும் கொஞ்சம் கேட்டுப் பாப்பம். கட்டி முடிச்சிட்டுப் பெட்டியை எடுப்பம்."

"நாங்கள் எரிக்காத கரண்டுக்கா?"

"அவங்கள் கந்தோர்க் காகிதத்தோட வாறாங்கள் சபூரா. எங்களிட்ட என்ன இருக்கு? ஒருக்கா உடுத்த உடுப்போட போன ஆக்கள் நாங்கள். இப்பதான் வந்து கால் ஊண்டியிருக்கிறம். இன்னொரு வம்பு வேண்டாம்."

சபூராவுக்குக் கோபம் வரவில்லை. அவன் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் முகாமில் வரிசையில் நின்று, யார் அதட்டினாலும் தலையைக் குனிந்து பழகியவன் அவன். அவளும் அதே வரிசையில்தான் நின்றாள். ஆனால் அவளுக்கு அந்தப் பழக்கம் ஒட்டவில்லை.

அப்போது படலையைத் திறந்துகொண்டு மதலேனா வந்தாள். பின் ஒழுங்கையில் இருப்பவள், தையல்காரி. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துத்தான் சீவியம். ஒரு மாதமாக யாருக்கும் அவள் சட்டை தைத்துக் கொடுக்கவில்லை. மெசின் பழுது, திருத்தக் கொடுத்திருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தாள்.

கதிரையில் உட்கார்ந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சபூரா, என்ர மெசின் பழுதில்லை. அதையும் அவங்கள்தான் கொண்டுபோனவங்கள்."

"அல்லாஹ்வே! ஏன் மதலேனாக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"என்னெண்டு சொல்ல? உனக்கெண்டாலும் ஆரோ எரிச்ச கரண்ட். நான் எரிச்சது நான் எரிச்சதுதானே. அவர் செத்த பிறகு மாசக்கணக்கா ஒரு சதமும் கட்டேல்ல. வாசல்ல நிண்டு என்ர பேரைச் சொல்லிக் கத்தினாங்கள். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கடன்காரிக்கு வாய் ஏது?"

சபூரா எழுந்து போய் மதலேனாவுக்கு முன்னால் நின்றாள்.

"மதலேனாக்கா, நீங்கள் கட்டாதது கடன். அவங்கள் தூக்கிக்கொண்டு போனது களவு. ரெண்டையும் ஏன் ஒரு சட்டியில போட்டுக் குழைக்கிறீங்கள்?"

"களவெண்டு ஆர் எழுதுவாங்கள்?" என்றான் சனூன்.

"பொலிசில எழுதட்டும். அதுக்குத்தானே இருக்கிறாங்கள்."

மறுநாள் கோயிலில் திருநாள் பூசை நடந்துகொண்டிருந்த நேரம், இரண்டு பெண்களும் பொலிஸ் நிலையத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். சபூரா ஐஸ்பழம் விற்றிருக்க வேண்டிய நேரம் அது. மதலேனா பூசையில் நற்கருணை எடுத்திருக்க வேண்டிய நேரம்.

"காசுப் பிரச்சினையெண்டா கோட்டுக்குப் போங்கம்மா. இஞ்ச எழுத ஏலாது," என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த கொன்ஸ்ரபிள்.

"காசுப் பிரச்சினையெண்டு நான் சொல்லேல்ல சேர். என்ர வீட்டுக்குள்ள பூந்து என்ர சாமானைத் தூக்கிக்கொண்டு போனவங்கள். களவு எண்டு எழுதுங்கோ. லொறி நம்பர் சொல்லுறன்."

கொன்ஸ்ரபிள் சிரித்தார். சபூரா சிரிக்கவில்லை. சத்தம் கேட்டுப் பொறுப்பதிகாரி உள்ளேயிருந்து வந்தார். சிங்களவர். நிதானமாக, சொற்களைத் தேடித் தேடித் தமிழ் பேசினார். சபூரா முதலிலிருந்து சொன்னாள். அவர் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கோட் ஓடர் காட்டினாங்களா?"

"அதென்ன சேர்?"

"நீதவான் கட்டளை. அது இல்லாம ஒராள் வீட்டுச் சாமான் இன்னொராள் எடுக்க ஏலாது. கந்தோரும் ஏலாது, கம்பனியும் ஏலாது. அந்த ஆள் காசு கட்ட இருந்தாலும் ஏலாது."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மதலேனா தலையை நிமிர்த்தினாள்.

"சேர், கடைசியாச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"எது? காசு கட்ட இருந்தாலும் எடுக்க ஏலாது. காசு வேணுமெண்டா வழக்குப் போட வேணும்."

மதலேனா எழுந்தாள். "அப்ப என்ர முறைப்பாட்டையும் எழுதுங்கோ," என்றாள்.

சிவராசாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கந்தோர்க் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பொறுப்பதிகாரிக்கு முன்னால் அவருடைய குரல் தேனாக இருந்தது.

"நாங்கள் பறிக்கேல்ல சேர். அவையளே விரும்பித் தந்தவை. காசுக்குப் பிணையா வைச்சிருங்கோ எண்டு சொன்னவை."

"நானே விரும்பித் தந்தனானெண்டா," என்றாள் சபூரா, "லொறிக்குப் பின்னால வெறுங்காலோட ஓடினது ஏன்? வழியனுப்பவோ?"

கொன்ஸ்ரபிள் இந்த முறையும் சிரித்தார். ஆனால் இப்போது சிரித்தது சிவராசாவைப் பார்த்து. பொறுப்பதிகாரி நீதவான் கட்டளையைக் கேட்டார். சிவராசா கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கட்டளை இல்லை. இரண்டு சாமான்களையும் கொண்டுவந்து ஒப்படைக்காவிட்டால் ஆளை நீதிமன்றத்தில் நிறுத்துவேன் என்று சொல்லி அனுப்பினார் பொறுப்பதிகாரி.

வெளியே வந்ததும் சிவராசா தன் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு, சபூராவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பெட்டி வரும் அக்கா. ஆனா அதைக் கொழுவக் கரண்ட் வேணுமே."

அடுத்த நாளே மின்சாரக் கந்தோரிலிருந்து ஒரு லைன்மன் வந்து ஏணியைக் கம்பத்தில் சாத்தினான். சபூரா கீழே நின்று கேட்டாள்.

"தம்பி, இந்த மாசம் வரைக்கும் கட்டியிருக்கிறன். ஏன் வெட்டுறீங்கள்? வெட்ட முதல் சிவப்பு நோட்டீஸ் தாறேல்லையோ?"

"பழைய நிலுவை எண்டு போட்டிருக்கு அக்கா. வெட்டச் சொல்லிச் சொன்னவை. எனக்கு வேற ஒண்டும் தெரியாது." அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வயரைக் கழற்றிவிட்டுப் போனான்.

சபூரா அன்றே பஸ் ஏறி மன்னாருக்குப் போனாள். மின்சாரக் கந்தோரில் பொறியியலாளரைப் பார்க்கும் வரைக்கும் எழும்பமாட்டேன் என்று உட்கார்ந்தாள். பொறியியலாளர் களைத்துப்போன மனிதர். முழு நிலுவையும் கட்டினால்தான் மறுபடி இணைக்கலாம் என்றார்.

"சரி சேர். நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லுங்கோ. நான் ஒரு மாசம் கட்டாட்டி என்ன செய்வீங்கள்?"

"நோட்டீஸ் அனுப்புவம். அதுக்குப் பிறகும் கட்டாட்டி வெட்டுவம்."

"அப்ப அந்த மீன் முதலாளி வருசக்கணக்காக் கட்டாமல் எரிக்கேக்க ஏன் வெட்டேல்ல? கட்டாதவனுக்கு அவ்வளவு காலம் கரண்ட் குடுத்திட்டு, கட்டுறவளுக்கு நோட்டீசும் இல்லாமல் வெட்டுறது என்ன நியாயம்?"

பொறியியலாளர் பேனையை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இதைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரமில்லை. ஆனா பாவனையாளரின்ர முறைப்பாட்டை விசாரிக்கிற ஆணைக்குழு ஒண்டு கொழும்பில இருக்கு. அவையின்ர ஆக்கள் வாற மாசம் இஞ்ச பிரதேச செயலகத்துக்கு வருவினம். அங்க போங்கோ. நானும் வருவன். கேட்டால் உள்ளதைச் சொல்லுவன்."

மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் பிள்ளைகள் படிப்பதற்குச் சனூன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கி வந்தான். பழைய மருந்துப் போத்தல் ஒன்றின் மூடியைத் துளைத்துத் திரி போட்டுக் குப்பி விளக்குச் செய்தான். அவனுடைய கைக்கு அது மறக்கவில்லை. பொழுது படும் நேரம் அதைக் கொளுத்தி மேசையில் வைத்தான். புகை மணம் அறைக்குள் பரவியது. சின்ன மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாப்பா, இது நாறுது," என்றாள். அவளுக்குக் குப்பி விளக்குத் தெரியாது. கைக்குழந்தையாக ஊருக்கு வந்தவள்.

சனூன் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன?" என்றாள் சபூரா.

"ஒண்டுமில்லை. இதை இனி இந்த வீட்டில கொளுத்தக் கூடாது." சுவரில் தொங்கிய ஓட்டோச் சாவியை எடுத்தான். "அந்த லொறிக்காரன் ஆற்ற வீடுகளுக்கெல்லாம் போனவனெண்டு கேட்டுக்கொண்டு வாறன்."

அன்றிலிருந்து, சவாரி இல்லாத நேரமெல்லாம் சனூன் கரையோர ஊர்களில் வீடு வீடாக ஓட்டோவை நிறுத்தினான். ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னாலேயே வாய் திறக்காதவன், முன்பின் தெரியாத படலைகளில் நின்று, "உங்கட வீட்டிலயும் லொறி வந்ததோ?" என்று கேட்டான். முதலில் எல்லாரும் இல்லை என்றார்கள். "என்ர வீட்டில வந்தது. பெட்டியைத் தூக்கினவங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்று அவன் சொன்ன பிறகுதான் உண்மை வந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார். ஒரு வீட்டில் டிவி. ஒரு வீட்டில் மகளுக்குச் சீதனமாக வாங்கி வைத்திருந்த கிறைண்டர். ஒவ்வொருவரும் தங்களுக்கு மட்டும்தான் அந்த வெட்கக்கேடு என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

பிறீசரும் தையல் மெசினும் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. மேலிடத்தோடு கதைக்கிறோம் என்று கம்பனி நாளைக் கடத்தியது. வழக்கைப் பதியப் போகிறேன் என்று பொறுப்பதிகாரி சொல்லியிருந்தார்.

விசாரணை நாள் வந்தது. பிரதேச செயலக மண்டபத்தில் நீட்டு மேசை போட்டு, கொழும்பிலிருந்து வந்த விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டிய அம்மா. ஒரு பக்கம் பொறியியலாளர். இன்னொரு பக்கம் சிவராசாவும் கம்பனி முகாமையாளரும். சபூராவுக்குப் பின்னால் போடப்பட்டிருந்த கதிரைகள் போதவில்லை. சனம் சுவரோரம் நின்றது.

முகாமையாளர் முதலில் பேசினார். கணக்கு முஹைதீனின் பெயரில் இருக்கிறது, வீட்டை மகள் எடுத்துக்கொண்டால் வீட்டின் கடனையும் மகள்தான் எடுக்க வேண்டும் என்றார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருந்தது. சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அதிகாரி சபூராவைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

சபூரா எழுந்து நின்றாள். வழக்கமாக முந்திக்கொண்டு ஓடும் அவளுடைய வாய் அன்று மெதுவாகத்தான் திறந்தது.

"மிஸ், மௌத்தானவரின்ர கடனை அடைக்காமல் விடக்கூடாது எண்டது எங்கட மார்க்கம். என்ர வாப்பா ஒரு ரூபா கடன் வைச்சிட்டுப் போயிருந்தாலும், ஓட்டோவை வித்தெண்டாலும் நான் அடைப்பன். ஆனா இது வாப்பாவின்ர கடன் இல்லை. இந்தக் கரண்ட் எரிஞ்ச காலத்தில அவர் முகாமில வெக்கைக்குள்ள கிடந்து ஓலை விசிறியால விசிறிக்கொண்டிருந்தவர். நான் இண்டைக்குப் பயத்தில இதைக் கட்டினா, கடன் வைக்காமல் போன மனுசனை நானே கடன்காரராக்கிப் போடுவன். அதுதான் நான் கட்டமாட்டன் எண்டுறது. காசுக்காக மட்டும் இல்லை."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தக் காலத்தில வீட்டில ஆர் இருந்ததெண்டு சொல்ல ஆராவது இருக்கினமா?"

மதலேனா எழுந்தாள்.

"நான் சொல்லுறன். அந்த ஐஸ் அறையில நான் வேலை செய்தனான். றால் கழுவி, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டினனான். பெரிய குளிர்ப்பெட்டிகள் இரவு பகலா ஓடினது. முஹைதீன் காக்காவின்ர குடும்பத்தில ஒருத்தரும் அப்ப ஊரில இல்லை. முதலாளி போகேக்க எங்கட சம்பளத்தையும் தராமல்தான் போனவர்."

சிவராசா உடனே எழுந்தார். "மிஸ், இந்த அம்மாவே நிலுவைக்காரி. மாசக்கணக்கா பில் கட்டேல்ல. இவவின்ர சாட்சியை எப்பிடி எடுக்கிறது?"

எல்லாரும் திரும்பி மதலேனாவைப் பார்த்தார்கள். அவள் இந்த நேரத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "எல்லாருக்கும் முன்னால என்னைக் கேட்டால் நான் செத்துப்போவன்," என்று சபூராவிடம் சொல்லியிருந்தாள். ஆனால் கேட்ட பிறகு அவள் சாகவில்லை. நேராக நின்றாள்.

"ஓம். என்ர பேரில நிலுவை இருக்கு. நான் எரிச்சனான், நான் கட்டேல்ல. அதை நான் கட்டுவன். அது எனக்கும் கந்தோருக்கும் உள்ள விசயம். அதுக்காக என்ர கண் பாத்தது பொய்யாகுமோ? அதுக்காக என்ர மெசினை நீங்கள் தூக்கலாமோ? மெசினைத் தூக்கிக்கொண்டு போயிட்டு, உழைச்சுக் கட்டு எண்டால் நான் எதால உழைக்கிறது?"

சுவரோரத்தில் யாரோ கை தட்டினார்கள். அதிகாரி கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியதும் பொறியியலாளரைப் பார்த்தார்.

அவர் எழுந்து, சொன்னபடி உள்ளதைச் சொன்னார். "ஒரு குடும்பம் இவ்வளவு எரிக்க வழியில்லை. இது ஐஸ் அறை எரிச்சதுதான். அண்டைக்கே நாங்கள் வெட்டியிருக்க வேணும். வெட்டேல்ல. பிறகு நோட்டீஸ் இல்லாமல் இவவின்ர இணைப்பை வெட்டினதும் எங்கட பிழைதான்."

முகாமையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சாமான் எடுத்தது இவை ரெண்டு பேர் வீட்டில மட்டும்தானா? வேற ஆருக்கும் இப்பிடி நடந்ததா?"

பின்வரிசையில் இருந்த கிறகரி என்ற மீன்பிடிகாரர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி எழுந்தாள். அதற்குப் பிறகு கதிரைகள் நகரும் சத்தம்தான் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அபாயாவும் முக்காடும் போட்ட பெண்கள், செபமாலை சுற்றிய கைகள், கடலிலிருந்து நேரே வந்த, சாரம் கட்டிய ஆண்கள். சனூன் நடுவில் நின்றான். சபூரா திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பேரையும் அந்த வாயில்லாத மனுசன்தான் ஓட்டோவில் தேடித் திரிந்து சேர்த்திருக்கிறான் என்று நினைத்தபோது, அதுவரை வராத கண்ணீர் அவளுக்கு வந்தது.

அதிகாரி தீர்ப்பை வாயாலேயே சொன்னார், பிறகு எழுதினார். சண்டைக்கால நிலுவை சபூராவைச் சேராது. அன்றைக்கே இணைப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இனிமேல் கணக்கு அவளுடைய பெயரிலேயே இருக்கும். மதலேனா தன் நிலுவையைத் தன்னால் இயன்றபடி தவணையாகக் கட்டலாம், கட்டும் வரைக்கும் அவளுடைய இணைப்பில் கை வைக்கக் கூடாது. வீதியில் நின்று பெயர் சொல்லிக் கத்துவது இனிமேல் நடக்கக் கூடாது. எடுத்த சாமான்களை, எடுத்த வீடுகளுக்கே கம்பனி தன் செலவில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கந்தோர் அந்தக் கம்பனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். பொலிஸ் வழக்கு வேறு, அது தன் வழியில் போகும்.

இந்த முறை கைதட்டலை அவர் நிறுத்தவில்லை.

அந்தப் பின்னேரமே லைன்மன் வந்து கம்பத்தில் ஏறினான். இந்த முறை சபூராவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "கொழுவியாச்சு அக்கா, போட்டுப் பாருங்கோ!" என்றான். வீட்டிலிருந்த எல்லா ஸ்விச்சையும் பிள்ளைகள் பகலிலேயே போட்டார்கள். சனூன் குப்பி விளக்கை எடுத்து, எண்ணெயை ஊற்றிவிட்டு, போத்தலைக் குப்பைக்கிடங்கில் எறிந்தான்.

சாமான்கள் ஒரு சனிக்கிழமை வந்தன. செய்தி முன்பே பரவியிருந்ததால் பேசாலையிலிருந்தே பிள்ளைகள் சைக்கிளில் லொறிக்குப் பின்னால் வந்தார்கள். ஒவ்வொரு படலையிலும் லொறி நின்றது. தூக்கிக்கொண்டு போன அதே தடியன்கள், வியர்க்க வியர்க்க இறக்கினார்கள். இறக்கிய இடம் பிடிக்காத கிழவிகள், "இஞ்ச இல்லை மோனை, அங்கால வையும், இன்னும் அங்கால," என்று வேலை வாங்கினார்கள். சிவராசா ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கிறகரி தன் தண்ணீர் மோட்டாரைக் கொழுவி, ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதுவரைக்கும் சிவராசா வெயிலில் நின்றார். ஊரில் ஒருவரும் அவரை ஏசவில்லை. கிறகரியின் மனைவி தண்ணீர் கூடக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். கேட்டவர்கள் குறைவு. ஆனால் அடுத்த வீட்டுக்கு லொறி போவதற்குள் ஊருக்கே அது தெரிந்துவிட்டது.

சபூராவின் பிறீசர் ஒரு பக்கம் நெளிந்து, உள்ளே புளித்த பால் மணத்தோடு வந்தது. அவளும் பிள்ளைகளும் தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். சனூன் அதைத் தடவிப் பார்த்து, "நெளிவை எடுப்பிக்கவோ?" என்று கேட்டான். "வேண்டாம், கிடக்கட்டும்," என்றாள் அவள்.

மதலேனாவின் தையல் மெசினைக் கடைசியாக இறக்கினார்கள். அவள் அதைத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், ஊசியில் நூல் கோத்தாள். பெடலை மிதித்தபோது வந்த சத்தத்தைக் கேட்டு ஒழுங்கை முழுக்கச் சனம் கூடிவிட்டது. "முதல் சட்டை ஆருக்கு?" என்று யாரோ கேட்க, ஒரே நேரத்தில் ஏழெட்டுத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை முன்னால் தள்ளினார்கள். மதலேனா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த மாதக் கடைசியில், தைத்த கூலியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு அவள் தனியாகவே மன்னாருக்குப் பஸ் ஏறினாள். மின்சாரக் கந்தோரில் நல்ல கூட்டம். வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் தெரிந்த முகங்கள். அவளுடைய முறை வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "பழைய நிலுவையோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றாள் மதலேனா, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "என்ர நிலுவைதான். முதல் தவணை கட்ட வந்தனான். ரசீதைத் தாங்கோ."